நான் நேபாளத்தில் இருந்தபோது மடங்கிய விரல்கள்

நேபாளத்துக்குப் போவது என்று முடிவானதும் எனக்கு வந்த முதல் கவலை, கிளினிக் சாவியை யாரிடம் கொடுப்பது என்பதுதான்.

அங்கே நிலநடுக்கத்தில் மலை ஊர்கள் சரிந்து கிடந்தன. கல்லூரியில் எனக்கு மூத்தவராகப் படித்து, சென்னையில் ஒரு மருத்துவமனையில் வேலை பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் போன் செய்தார். எலும்பு முறிந்தவர்களுக்கு ஆபரேஷன் செய்ய டாக்டர்கள் போய்விட்டார்கள், ஆபரேஷன் முடிந்தவர்களை எழுப்பி நடக்க வைக்கத்தான் ஆள் இல்லை, பிசியோதெரபிஸ்டுகள் வேண்டும், ஒரு மாதம் வர முடியுமா என்றார். சம்பளம் கிடையாது. சாப்பாடும் படுக்க ஒரு கூடாரமும் உண்டு. என்னிடம் பாஸ்போர்ட் இல்லை என்றேன். நேபாளத்துக்கு வாக்காளர் அட்டை போதும் என்றார். என் வீட்டுக்காரர், “போயிட்டு வா, பிள்ளைய நான் பாத்துக்கிறேன்” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

கிளினிக் திருத்தங்கலில், மெயின் ரோட்டின் மேலேயே இருக்கிறது. பக்கத்தில் காலண்டர் அடிக்கும் அச்சகம். மெஷின் ஓடினால் என் கட்டிலும் சேர்ந்து லேசாக அதிரும். பேப்பர் கட்டுத் தூக்கித் தோள் பிடித்துக்கொண்டவர்கள், தீப்பெட்டி ஆபீஸில் நாள் முழுக்கச் சம்மணம் போட்டு உட்கார்ந்து இடுப்புப் போன பெண்கள், பட்டாசு விபத்தில் கை கால் வெந்தவர்கள் என்று வருவார்கள். எங்கள் பக்கம் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வது. என் அம்மாவும் தீப்பெட்டி ஆபீஸுக்குப் போனவள்தான். எங்கள் சொந்தத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அதனால் அந்தக் கிளினிக்கைப் பற்றி எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு.

சாவி கொடுக்க ஒருத்திதான் நினைவுக்கு வந்தாள். என்னோடு படித்தவள். வகுப்பில் முதல் மார்க். விருதுநகரில் மிளகாய் வத்தலும் பருப்பும் மொத்த வியாபாரம் செய்யும் பெரிய குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டாள். அதற்குப் பிறகு ஒரு நோயாளியைக்கூடத் தொட்டதில்லை. மருமகள் வேலைக்குப் போக வேண்டாம் என்று அந்த வீட்டில் சொல்லிவிட்டார்கள், இவளும் இருந்துவிட்டாள். விசேஷங்களில் அவளைப் பார்க்கும்போதெல்லாம் என் மனசு ஒரு கணக்குப் போட்டுக்கொள்ளும். காரும் வைரத் தோடும் அவளுக்கு, தொழில் எனக்கு. அந்தக் கணக்கில் எனக்கு ஒரு நிம்மதி இருந்தது.

போனில் நான் சொல்லி முடிக்கவில்லை. “நான் வாறேன்” என்றாள்.

“வீட்ல கேக்க வேணாமா?”

“அத நான் பாத்துக்கிறேன். நீ சாவியக் குடு.”

கிளம்புவதற்கு முன்னால் அவளை வரவழைத்து ஒவ்வொருவராகக் காட்டினேன். கடைசியாக விஸ்வநத்தத்தில் இருந்து வரும் பெண்ணைக் காட்டினேன். பட்டாசு ஆபீஸில் பேக்கிங் வேலை பார்த்தவள். பக்கத்து அறையில் பிடித்த தீ இவள் அறைக்கும் வந்து, முகத்தை மறைக்க உயர்த்திய வலது கை வெந்துபோயிருந்தது. தொடையில் இருந்து தோல் எடுத்துப் புறங்கையில் ஒட்டியிருந்தார்கள். அந்தத் தோல் சுருங்கி விரல்களைப் பின்பக்கமாக இழுத்துப் பிடித்துக்கொண்டது. கையை மூட முடியாது. கரண்டியை இடது கையில் பிடித்துத்தான் சாப்பிடுவாள்.

“கரண்டியில தின்னா வயிறு நெறைய மாட்டேங்குது டாக்டரம்மா. சோத்தப் பிசைஞ்சு ஒரு வாய் தின்னுட்டாப் போதும் எனக்கு” என்பாள்.

அவளோடு பல மாதங்களாகப் பாடுபட்டிருந்தேன். மெழுகு ஒத்தடம், தழும்பை நீவி விடுவது, ஒவ்வொரு விரலாக வளைப்பது. வலியில் அவள் கண் கலங்கும், நான் விட மாட்டேன். அப்படியும் விரல் நுனி உள்ளங்கைக்கு எட்டாமல் பாதி வழியிலேயே நின்றது.

“இது என் பேஷண்ட். பாத்துச் செய்” என்றேன் தோழியிடம். அவள் அந்தக் கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, தழும்பின் மேல் விரலை ஓட்டிப் பார்த்தாள். என்னை நிமிர்ந்து பார்க்கவே இல்லை.

நேபாளத்தில் நாங்கள் இருந்த மலை ஊரில் மருத்துவமனைக் கட்டடம் நின்றுகொண்டுதான் இருந்தது. ஆனால் யாரும் உள்ளே படுக்கச் சம்மதிக்கவில்லை. பூமி இன்னும் அவ்வப்போது அசைந்துகொண்டிருந்தது. அதனால் மைதானத்தில் நீளமான கூடாரங்கள் போட்டு, கட்டில்களை வரிசையாக இழுத்துப் போட்டிருந்தார்கள். தரை மண்தரை. மழை பெய்தால் கட்டில் கால் புதையும். நோயாளியை எழுப்பி நிற்க வைப்பதற்கு முன் பலகை தேடி அடியில் போட வேண்டும். நடைக்கட்டைகள் வந்து சேராததால் ஊர்த் தச்சர் ஒருவர் மூங்கிலில் செய்து கொடுத்தார். அக்குளில் பதியும் முனைக்கு நான் பழந்துணி சுற்றிவிடுவேன்.

எனக்கு நேபாளி தெரியாது. இந்தி அரைகுறை. ஒரு உள்ளூர் நர்ஸ் நான் சொல்லும் கொச்சை இந்தியைப் புரிந்துகொண்டு அவர்களிடம் சொல்வாள். “துக்யோ?” என்றால் வலிக்கிறதா என்று அர்த்தம். “பிஸ்தாரை” என்றால் மெதுவாக. அந்த இரண்டு வார்த்தையை வைத்தே பாதி நாளை ஓட்டினேன். வேலை பிடித்திருந்தது. காலையில் கூடாரத்துக்குள் நுழைந்தால் எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பும். ஊரில் அப்படி யாரும் என்னைப் பார்த்ததில்லை.

சாயங்காலம் மேட்டில் இருந்த டீக்கடைக்கு ஏறினால்தான் போனில் சிக்னல் வரும். தோழி தினமும் ஏதாவது அனுப்பியிருப்பாள். மெழுகுச் சட்டி சூடாகவில்லை, ஆள் வைத்துச் சரி பண்ணிவிட்டேன். ஜன்னலுக்குத் திரை போட்டிருக்கிறேன், வெயில் அடிக்கிறது. இப்படி. நானும் மலையையும் கூடாரத்தையும் படம் எடுத்து அனுப்புவேன்.

ஒரு நாள் வீடியோ வந்தது. என் கிளினிக் தரையில் பாய் விரித்துத் தோழியும் விஸ்வநத்தத்துப் பெண்ணும் எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். நடுவில் ஒரு தாம்பாளத்தில் துவரம்பருப்பு. தோழி தன் வீட்டுக் கடையில் இருந்து எடுத்து வந்திருப்பாள். விஸ்வநத்தத்துப் பெண் அந்தப் பருப்புக்குள் கையை விட்டு அள்ளுகிறாள். விரல்கள் மடங்குகின்றன. நுனி உள்ளங்கையைத் தொடுகிறது. கை நிறையப் பருப்போடு காமிராவைப் பார்த்துச் சிரிக்கிறாள்.

“அக்கா, டாக்டரம்மாவுக்கு அனுப்புங்கக்கா. பாக்கட்டும்.”

என்னிடம் வந்த அத்தனை மாதத்தில் அவள் சிரித்து நான் பார்த்ததில்லை. நான் அவளுக்கு டாக்டரம்மா. தோழி அவளுக்கு அக்கா.

கைதட்டும் படங்களை வரிசையாகப் போட்டு, “சூப்பர்” என்று அனுப்பினேன். டீ ஆறிப்போனது. மறுபடியும் போட்டுப் பார்த்தேன். இதில் ஒரு தந்திரம் உண்டு. மணிக்கட்டைப் பின்னால் வளைத்தால் விரல்கள் தானாகக் கொஞ்சம் மடங்கும். பார்ப்பவர்களுக்குக் கை மூடியது போலத் தெரியும். தோழி அதைத்தான் செய்ய வைத்திருப்பாள் என்று படத்தைப் பெரிதாக்கி மணிக்கட்டையே பார்த்தேன். நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். மணிக்கட்டு நேராக இருந்தது. குறை சொல்ல ஒன்றும் இல்லை. அது எனக்கு இன்னும் எரிந்தது.

உடனே போன் போட்டேன்.

“ரொம்ப இழுக்காதடி. ஒட்டுன தோலு கிழிஞ்சிரும்.”

“இழுக்கலையே. அவளாத்தான் அள்ளுறா. நான் சும்மா உக்காந்து பேசிக்கிட்டிருப்பேன்.”

“எம்புட்டு நேரம்?”

“அது ஆகும், ரெண்டு மணி நேரம்.”

ரெண்டு மணி நேரம்! எனக்கு வாசலில் எப்போதும் ஆட்கள் காத்துக்கிடப்பார்கள். ஒரு கைக்குப் பதினைந்து நிமிஷம் கொடுத்தாலே பின்னால் முணுமுணுப்புக் கேட்கும். இவளுக்குக் கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியதில்லை, வாசலில் கார் நிற்கிறது. வீட்டில் சோறாக்க ஆள் இருக்கிறது. அவளுக்கு இருக்கும் நேரம் எனக்கு இருந்தால் நானும்தான் பருப்பை வைத்து விளையாட்டுக் காட்டியிருப்பேன். இப்படியே நினைத்துக்கொண்டு மேட்டில் இருந்து இறங்கினேன்.

என் கூடாரத்தில் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். ஒருத்தி காய்கறி விற்பவள், ஐம்பதைத் தாண்டியவள், தொடை எலும்பு முறிந்து கம்பி வைத்திருந்தது. இன்னொருத்தி பள்ளிக்கூட ஆசிரியை. இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. காய்கறிக்காரி சொன்னதையெல்லாம் செய்வாள். ஆசிரியை எழுந்திருக்கவே மாட்டாள். நர்ஸும் நானும் எவ்வளவோ கெஞ்சினோம். போர்வையை இழுத்து மூடிக்கொள்வாள். முழங்கால் மடங்கியபடியே இறுகிவிடுமே, பிறகு செயற்கைக்கால் மாட்ட முடியாதே என்று நான் நர்ஸிடம் புலம்பிக்கொண்டிருந்தேன்.

அந்த வீடியோ வந்த மறுநாள், காய்கறிக்காரி மூங்கில் கட்டையை ஊன்றிக் கூடாரத்தின் கடைசி வரை நடந்துவிட்டாள். எல்லோரும் கை தட்டினார்கள். யாரோ விசில் அடித்தார்கள். அவள் ராணி மாதிரித் திரும்பி வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். நான் எதேச்சையாகப் பக்கத்துக் கட்டிலைப் பார்த்தேன். ஆசிரியை கை தட்டவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு அந்தக் கம்பி வைத்த காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். டீக்கடையில் போனைப் பார்த்துக்கொண்டிருந்தபோது என் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும்.

அன்றைக்கு நான் அவளைக் கெஞ்சவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக் காய்கறிக்காரியோடு உட்கார்ந்துகொண்டேன். அவள் காலை நீவிவிட்டேன், பாராட்டினேன், அவளுக்குப் புரியாத தமிழிலேயே பேசினேன். ஓரக்கண்ணால் அடுத்த கட்டிலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து ஆசிரியை நர்ஸைக் கூப்பிட்டு ஏதோ கேட்டாள். நர்ஸ் என்னிடம் வந்தாள்.

“இவங்க நிக்க ஆரம்பிச்சு எத்தனை நாள்ல நடந்தாங்கன்னு கேக்குறாங்க.”

“சொல்லு. இவங்களுக்கு வயசு ஜாஸ்தி, அதனால கொஞ்சம் நாளாச்சுன்னு சொல்லு” என்றேன்.

ஆசிரியை போர்வையை விலக்கினாள். இரண்டு பக்கமும் நாங்கள் பிடித்துக்கொள்ள, ஒற்றைக் காலில் எழுந்து நின்றாள். உடம்பு நடுங்கியது. “துக்யோ?” என்று கேட்டேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை, பக்கத்துக் கட்டிலைத்தான் பார்த்தாள். காய்கறிக்காரியின் முகம் இறங்கிவிட்டது. அதற்குப் பிறகு எனக்கு வேலையே இல்லை. இவள் மூங்கில் கட்டைகளை ஊன்றிக் கூடாரத்து வாசல் வரை போனால் அவள் தண்ணீர்க் குழாய் வரை போவாள். அவள் குழாயைத் தொட்டால் இவள் குழாயைச் சுற்றி வருவாள். ஒருவரோடு ஒருவர் பேச மாட்டார்கள். நர்ஸ் சிரித்துச் சிரித்து ஓய்ந்துபோனாள்.

ஆசிரியை நடப்பதை வீடியோ எடுத்துத் தோழிக்கு அனுப்பினேன். சும்மா அனுப்பவில்லை, பதிலுக்கு அனுப்பினேன். அவள் பார்த்துவிட்டதற்கு நீல டிக் விழுந்தது. மறுநாள்தான், “நல்லா இருக்குடி” என்று இரண்டே வார்த்தை வந்தது. அன்றைக்கு எனக்குச் சோறு நன்றாக இறங்கியது.

மாதம் முடிந்து ஊருக்கு வந்தேன். கிளினிக் வேறு யாருடையதோ போல இருந்தது. நீலத் திரை, புதுப் பாய், சுவரை ஒட்டி நகர்த்தப்பட்ட கட்டில். கட்டிலைப் பழைய இடத்துக்கு இழுத்துப் போட்டேன். அங்கே வெயில் முகத்தில் அடித்தது. அதனால்தான் நகர்த்தியிருக்கிறாள் என்று தெரிந்தும் அங்கேயே விட்டேன். வருகிறவர்கள் நேபாளம் எப்படி இருந்தது என்று ஒரு வார்த்தை கேட்பார்கள். அடுத்த வார்த்தை, “அந்தம்மா இனிமே வர மாட்டாகளா?”

விஸ்வநத்தத்துப் பெண் வந்தாள். கையை மூடிக் காட்டினாள். வீட்டில் ரசம்சோறு பிசைந்து சாப்பிட்டதைச் சொன்னாள். “எங்கம்மா அழுதுட்டாக டாக்டரம்மா.” நான் கட்டிப்பிடித்துப் பாராட்டினேன், அதில் பொய் இல்லை. இனி பெருவிரல் மட்டும்தான் பாக்கி என்று உட்கார வைத்து ஆரம்பித்தேன். கொஞ்ச நேரத்தில் அவள் மெல்லச் சொன்னாள்.

“அக்கா இப்படிச் செய்ய மாட்டாக.”

“எப்படிச் செய்வாக?”

“தெரியல. அவுக செஞ்சா வலிக்கிறது தெரியாது.”

அதற்குப் பிறகு இரண்டு மூன்று தடவை வந்தாள். அப்புறம் நின்றுவிட்டாள். போன் செய்தால் உடம்பு சரியில்லை என்பாள், சொந்தக்காரர் வீட்டில் விசேஷம் என்பாள்.

ஒரு நாள் காலையில் கிளினிக் வாசலில் நின்று பேப்பர் வாங்கிக்கொண்டிருந்தேன். சிவகாசியில் இருந்து விருதுநகர் போகும் பஸ் எங்கள் ஸ்டாப்பில் நின்றது. ஜன்னலோரம் அவள். என்னைப் பார்த்ததும் சேலைத் தலைப்பை முகத்துக்கு இழுத்தாள். இழுத்தது அந்த வலது கைதான். தலைப்பை இறுக்கமாகப் பிடித்திருந்தது. பஸ் போய்விட்டது. விருதுநகரில் என் தோழியிடம் போக, என் வாசலைத் தாண்டித்தான் அவள் போக வேண்டும். தாண்டிப் போயிருக்கிறாள்.

கொஞ்ச நேரத்தில் கிளினிக்கைப் பூட்டிவிட்டு நானும் விருதுநகர் பஸ் ஏறினேன். தோழியின் வீட்டுக்குப் பக்கத்தில் அவர்கள் கிட்டங்கி இருக்கிறது. சரக்கு மூட்டைகள் அடுக்கி வைக்கும் இடம். அதன் முன்னறையைக் காலி செய்து வெள்ளையடித்து ஒரு கட்டில் போட்டிருந்தாள். உள்ளே இருந்து மிளகாய் நெடி வந்தது. அவள் தனியாக இருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்தாள்.

“எம் பேஷண்ட்ட நீ எடுத்துக்கிட்டே” என்றேன். உட்காரக்கூட இல்லை.

“அவ என்ன பருப்பு மூடையா எடுத்துக்கிட்டு வர? அவளா வந்தா.”

“நீ கூப்பிடாமலா வந்தா?”

அவள் வாசலைப் பார்த்தாள். பிறகு, “கூப்பிட்டேன்” என்றாள். “பெருவிரல் பாக்கி கெடக்குடி. பாதியில விட முடியல என்னால.”

“நான் அங்கன செத்துப்போயிட்டேனா? நான் முடிக்க மாட்டேனா? உனக்கு என்ன இல்ல? காரு, வீடு, ஆளு அம்புட்டும் இருக்கு. எனக்கு அந்தக் கிளினிக்கு ஒண்ணுதான். அதுலயும் கைய வைக்கணுமா?”

“எனக்கு என்ன இருக்கு?” என்று கேட்டாள். அவள் குரல் அப்படி உயர்ந்து நான் கேட்டதில்லை. “நீ பிளேன் ஏறுறதுக்கு முந்தி கழுத்துல அட்டையத் தொங்கப்போட்டு ஒரு போட்டோ அனுப்புனியே. அதப் பாத்துட்டு அடுப்பங்கரையில நின்னு அழுதேன். வகுப்புல நான் முதல் மார்க்கு. நீ என் நோட்டப் பாத்துப் படிச்சவ. நீ மலையேறிப் போறே, நான் உன் கட்டிலத் தொடைச்சுக்கிட்டு இருக்கேன். அந்த ஒத்தக் கால் டீச்சர் நடக்குற வீடியோ அனுப்புனேல்ல, அத நான் முழுசாப் பாக்கவே இல்ல. பாக்க முடியல.”

அவளுக்கும் எரிந்தது என்று கேட்டதும் எனக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். வந்தது, ஆனால் இரண்டாவதாகத்தான். முதலில் வந்தது சந்தோஷம். என்னைப் பார்த்து அவளுக்குப் பொறாமை! கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

“வீட்ல ஒண்ணும் சொல்லலையா?” என்று அறையைச் சுற்றிப் பார்த்தபடி கேட்டேன்.

“சொன்னாக. ஒரு மாசம் போயிட்டு வந்தவள இனிமே உள்ள உக்காருன்னா உக்காருவாளா? நானும் சொல்லிட்டேன்.”

அப்போது விஸ்வநத்தத்துப் பெண் உள்ளே வந்தாள். டீ வாங்கப் போயிருந்திருக்கிறாள். தூக்குவாளியின் கம்பியை வலது கையால் பிடித்திருந்தாள். என்னைக் கண்டதும் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். முகம் வெளுத்துப்போனது.

“டாக்டரம்மா, எப்ப வந்தீக?”

“உள்ள வா. கையக் காட்டு.”

பெருவிரல் நன்றாகத் திறந்திருந்தது. தழும்பு மெத்தென்று இருந்தது. சுத்தமான வேலை. நான் செய்திருந்தாலும் இப்படி வந்திருக்குமா என்று தெரியவில்லை. அந்தச் சந்தேகம்தான் தாங்க முடியாததாக இருந்தது. தோழி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நீயே முடி” என்றேன் அவளிடம். “ஆனா என்ன செய்றேன்னு எனக்குச் சொல்லிட்டுச் செய்.”

“எதுக்குச் சொல்லணும்?”

“சொல்லணும்.”

அவள் சிரித்துவிட்டாள். டீயை மூன்றாகப் பங்கு வைத்துக் குடித்தோம். நான் பஸ்ஸில் திரும்பி வந்தேன், வழியெல்லாம் அந்த வெள்ளையடித்த அறை கண்ணில் நின்றது. என் அறையைவிடப் பெரிது.

இப்போது தோழியின் கிளினிக் நன்றாக நடக்கிறது. விஸ்வநத்தத்துப் பெண் தையல் மெஷின் போட்டு வீட்டிலேயே தைக்கிறாள். என் ஜாக்கெட்டையும் அவளிடம்தான் கொடுக்கிறேன். நானும் தோழியும் அவளுக்கு இன்னும் டாக்டரம்மாவும் அக்காவும்தான், அதில் மாற்றமில்லை.

சமீபத்தில் ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசு ஆபீஸில் விபத்து. காயம்பட்ட பெண்கள் ஒரே வார்டில் கிடந்தார்கள். தோல் ஒட்டி முடித்த பிறகு எங்கள் இருவரையும் வரச் சொன்னார்கள். ஜன்னல் பக்கக் கட்டில்கள் அவளுக்கு, வாசல் பக்கம் எனக்கு என்று பிரித்துக்கொண்டோம். வேலை செய்துகொண்டே அவள் பக்கம் யாருக்கு எவ்வளவு மடங்குகிறது என்று பார்ப்பேன். நான் பார்ப்பதை அவள் பார்ப்பாள். அவளும் தண்ணீர் குடிக்கும் சாக்கில் என் பக்கம் ஒரு சுற்று வந்து போவாள்.

ஒரு நாள் அவள் கட்டில்களில் ஒன்றில் இருந்த பெண், முழங்கையை நீட்ட விடாமல் ஒரேயடியாக அழுதாள். தோழி எவ்வளவோ தணிவாகப் பேசிப் பார்த்தாள். அந்தப் பெண் தலையை ஆட்டிக்கொண்டே என் பக்கம் கையைக் காட்டினாள்.

“அந்த அக்கா வரட்டும். அவுக வந்தா நீட்டுறேன்.”

வார்டில் எல்லோருக்கும் கேட்டது. தோழி நிமிர்ந்தாள். காது மடல் சிவந்திருந்தது.

“உன்னத்தான் கேக்குறா” என்றாள், என்னைப் பார்க்காமல்.

நான் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தேன். அங்கே போய்ச் சேரப் பத்தடிகூட இருக்காது. அவள் நன்றாகப் பார்க்கட்டும் என்று மெதுவாக நடந்து போனேன்.